அதிகாரிக்கு மட்டும் பாடாத மைக்

அதிகாரி "பெரியோர்களே..." என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், மைக் செத்துப் போனது.

சாகடித்தவர் மேடையோரம் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் பச்சைப்பிள்ளை முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மைக்செட்காரர். பின்னே என்ன? நகரசபைக் கூட்டங்களை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. பக்கத்து ஊர்ச் சபையோடு இதைச் சேர்த்துவிட்டால் ஆபீஸும் கூட்டமும் அங்கே போய்விடும். அங்கே மைக்செட் வைத்திருப்பதோ அவர் மச்சான். அவனிடம் போய்க் கைகட்டி நிற்பதா?

'மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், வாங்க' என்று அறிவிக்கச் சொல்லித்தான் வேலை கொடுத்திருந்தார்கள். அது சப்பென்று இருந்ததால் இவர், "நம்ம ஊரை விழுங்க வர்றாங்க!" என்று தெருத்தெருவாக முழங்கிவிட்டார். மண்டபத்தில் நிற்க இடமில்லை.

"என்னப்பா மைக்குக்கு?" என்றார் அதிகாரி.

"ஒயர்ல கோளாறு சார். பாத்துட்டே இருக்கேன்."

முன்வரிசை மளிகைக்கடைக்காரர் கொட்டாவி விட்டார். "ஒரு மைக்கை ஒழுங்கா வைக்கத் துப்பில்ல. பேசாம பக்கத்து ஊரோடயே சேத்துத் தொலைக்கலாம்."

மைக்செட்காரர் அவசரமாக மைக்கை இஸ்திரிக்கடை அம்மாவிடம் நீட்டினார். "எங்க ஊருக்கு நாங்கதான் எஜமான்!" என்று அந்த அம்மா போட்ட போட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கைதட்டல். அதிகாரி கைக்குத் திரும்பியதும் மைக் மறுபடி மண்டையைப் போட்டது.

அதிகாரி மேடை நுனிக்கு வந்து கத்திப் பார்த்தார். ஸ்பீக்கர் 'கொய்ங்ங்' என்று ஊளையிட்டது. காரிலிருந்து கை ஒலிபெருக்கி எடுத்துவரச் செய்தார். மைக்செட்காரர் ஜாடை காட்ட, ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமியது. மண்டபமெங்கும் புகை, இருமல்.

"அந்த மனுஷன் ஏதோ சொல்ல வர்றாரு, கேக்கத்தான் விடுங்களேன்!" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைக்செட்காரர் மனைவி.

"நீ சும்மா இரு. உன் தம்பி பொழைக்கறதுக்கு வழி பண்றியா?"

புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த அதிகாரி, சுவிட்சின்மேல் இருந்த கையைப் பார்த்துவிட்டார். "நீதான் அணைக்கறியா?"

ஜெனரேட்டரை யாரோ நிறுத்தினார்கள். ஊரே இவரைப் பார்த்தது. மைக்செட்காரர் எழுந்து மைக்கைப் பிடுங்கினார்.

"ஆமா, நான்தான்! என்னை உள்ள தள்ளுங்க. இது எங்க ஊரு. எங்க குழாய்ல தண்ணி வரலைன்னா எங்க தெருவுல நின்னுதான் திட்டுவோம், ரெண்டு பஸ் ஏறிப் போய்த் திட்ட மாட்டோம்! ஒண்ணையும் மாத்தாதீங்க. உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்!"

"உள்ளபடியே இருக்கட்டும்!" என்று மண்டபமே எழுந்து நின்றது. மளிகைக்கடைக்காரர்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினார்.

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டை கட்டியிருந்தது. "அப்ப எந்த மாற்றமும் வேணாம்? இப்ப இருக்கறபடியே விட்டுடலாமா?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் மைக் கணீரென்று வேலை செய்தது.

"விட்டுடுங்க!"

அதிகாரி எதுவோ புரியாதவராகத் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார். மைக்செட்காரரை ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். மனைவிகூட அவரைக் கொஞ்சம் பெருமையாகத்தான் பார்த்தாள்.

மண்டபம் காலியானதும் ஒயரைச் சுருட்டிக்கொண்டே மனைவியிடம் கேட்டார்: "பாத்தியா, சேக்க விட்டனா?"

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆபீஸ் வாட்ச்மேன் நிமிர்ந்தார்.

"காகிதத்துல சேத்து ஆறு மாசம் ஆகுதுண்ணே, ஆபீஸ் அங்க போறதுக்குள்ள திரும்பப் பிரிச்சுக் குடுத்துடட்டுமான்னு கேக்கத்தான் அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்துனாரு."