மரக்காலும் தாம்பூலத் தட்டும்

சில பேர் குடித்துவிட்டு நல்ல காரியத்தைக் கெடுப்பார்கள். நான் கார்ட்டூன் பார்த்துவிட்டுக் கெடுத்தேன். நாற்பது வயது தாண்டிவிட்டது, இனியும் மறைத்துப் பயனில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், பனியன் மடிப்பு, செங்கல் சூளை என்று ஊர் ஊராகத் திரிந்தேன். எங்கேயும் ஆறு மாதம் தாங்கியதில்லை. அப்பா இறந்தபோதுகூட நான் எங்கே இருக்கிறேன் என்று வீட்டுக்குத் தெரியாது. தங்கை செல்விக்கு வந்த மூன்று வரன்கள், "பொண்ணோட அண்ணன் என்ன பண்றாரு?" என்ற கேள்வியோடு திரும்பிப் போயின. செல்விக்கு இருபத்தெட்டு ஆனது.

2010இல் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கும்போது கொதிக்கும் சாம்பார் கொட்டி இடது கை வெந்தது. கடலூருக்கு வந்து, மஞ்சக்குப்பத்தில் அம்மாவும் செல்வியும் இருந்த வாடகை வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் எழவில்லை. (கைதான் வெந்தது, கால் நன்றாகவே இருந்தது.)

தமிழில் பேசும் ஒரு வெள்ளைக்காரக் கார்ட்டூன் குடும்பம் தினமும் வரும். பல வருடங்களாக ஓடும் தொடர், யாருக்கும் வயது ஆகாது. அவர்களின் பக்கத்து வீட்டுத் தபால்காரர் ஒரு மாதம் வெளியூர் போய்விட்டு, மரக்காலோடு திரும்புவார். இடது காலை முதலை கடித்துவிட்டது என்பார். எல்லாரும் அழுவார்கள். சில வாரம் கழித்து வந்த ஒரு பகுதியில், அதே இடது காலை மேசையில் இடித்துக்கொண்டு, "ஐயோ என் விரல்" என்று துள்ளுவார்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. டீக்கடையில், "வரைஞ்சவன் மறந்திருப்பான், விடு மச்சான்" என்றார்கள். நான் விடவில்லை. தபால்காரர் பென்ஷனுக்காக நடிக்கிறார், முதலையே புளுகு, கதை எழுதியவர்கள் வேண்டுமென்றே வைத்த தடயம்தான் அந்த விரல் என்பது என் தீர்ப்பு. எட்டாம் வகுப்பில் இவ்வளவு யோசித்திருந்தால் ஒன்பதுக்குப் போயிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் நான்காவது வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்குச் சிதம்பரம். அண்ணனைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் தாம்பூலத் தட்டு மாற்றி உறுதி செய்வதாக ஏற்பாடு. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் முடிய வேண்டும். அப்பா இல்லாததால் தட்டை நான் பிடிக்க வேண்டும். விதவை என்பதால் அம்மா பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளை தரப்பில் தட்டு வாங்க வந்தவர் அவருடைய தாய்மாமா. ஐம்பது வயது, ஜெராக்ஸ் கடைக்காரர், நெற்றி நிறைய விபூதி. நாலு இருபதுக்குத் தட்டை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் பிடித்தார். மூலையில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த டிவியில் தபால்காரர் விரலைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்.

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இது கால் போறதுக்கு முன்னாடி எடுத்தது. சேனல்காரன் மாத்திப் போடுறான்" என்றார்.

நான் தட்டை விடவில்லை. "இல்ல மாமா. அந்தாளுக்குக் கால் போவவே இல்ல. நடிக்கிறான்."

"யாரு சொன்னது? இதுல அந்தச் சின்னப் பொண்ணுக்கு முன்பல்லு இருக்கு பாருங்க. மரக்காலோட வரும்போது பல்லு இல்ல. அப்ப எது முன்னாடி?"

"விழுந்த பல்லு மொளைக்காதா?"

"அந்த ஊர்ல ஒருத்தருக்கும் வயசாவாது தம்பி. பல்லு மட்டும் எப்படி மொளைக்கும்?"

"வயசாவாத பொண்ணுக்குப் பல்லு எப்படி மாமா விழுந்துது?"

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். நான் என் பக்கம் இழுத்தேன். வெற்றிலை சரிந்தது. பின்னாலிருந்து அம்மா, "டேய், குடுத்துத் தொலைடா" என்றார். தேங்காய் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அதை எடுக்க நாங்கள் இருவரும் குனிந்தோம். கட்டிலுக்கடியிலும் பல்லைப் பற்றித்தான் பேசினோம்.

நிமிர்ந்தபோது மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மணி நாலு முப்பத்தஞ்சு. இன்னைக்கு வேணாம். சொல்லி அனுப்புறோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அம்மா ஏற்கெனவே மூன்று முறை கேட்டிருக்கிறார்.

பேருந்தில் அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "மூணு எடம் நீ ஊர்ல இல்லாம போச்சு. இது நீ இருந்து போச்சு."

வீட்டில் காத்திருந்த செல்வி அழவில்லை. "கார்ட்டூனாம்மா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள். பதினோரு நாள் பேசவில்லை. திட்டியிருந்தால் வழக்கம்போல ஊரைவிட்டு ஓடியிருப்பேன். திட்டாததால் ஓடவும் முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்த மாமா வாசலில் நின்றார். கையில் புதுத் தேங்காய்.

"ரெண்டு பைத்தியம் சண்டை போட்டதுக்கு நான் ஏன் பொண்ண விடணும்னு பையன் கேட்டுட்டான்மா. ஜாஸ்தி நாள் தள்ள வேணாங்கிறான்" என்று அம்மாவிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

செல்வி உள்ளேயிருந்து வந்தாள். "எனக்குச் சம்மதம். ஆனா தட்ட எங்கண்ணன் தொடக் கூடாது. நீங்களும் தொடக் கூடாது. எங்கம்மா மாத்தட்டும்."

அம்மா பதறி, "நானாடி? நான் எப்படி..." என்று நிறுத்திக்கொண்டார். மாமா தேங்காயை அம்மா கையில் கொடுத்தார். "அவுங்களே மாத்தட்டும். டிவி பாக்காதவங்க அவுங்க ஒருத்தர்தான்" என்றார்.

அடுத்த புதன்கிழமை அம்மா தட்டைப் பிடித்தார். விதவை என்று யாரும் தடுக்கவில்லை. நாலு நொடியில் தட்டு மாறியது.

அதற்குப் பிறகு இரண்டு குடும்பத்திலும் எந்த நிச்சயம் என்றாலும் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள். தட்டைத் தூக்குமுன் யாராவது ஒருவர் கேட்பார்: "அவுங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்பியாச்சா?"

அனுப்பியிருப்பார்கள். செருப்புகளுக்குப் பக்கத்தில் நானும் மாமாவும் நின்றுகொண்டிருப்போம், பல்லைப் பற்றிப் பேசியபடி.