வேகமான புரோகிராமருக்கு ஒரு ரைஸ் குக்கர்

புதிதாகப் பதவி கிடைத்தவனிடம் ஓர் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அது ஏறுகிறதா என்று பார்ப்பானே தவிர, ஏன் ஏறுகிறது என்று பார்க்கமாட்டான். (நான் பார்க்கவில்லை.)

எண்பதுகளின் கடைசியில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவுக்கு என்னைத் தலைவனாக்கினார்கள். உற்பத்திப் பிரிவு கேட்கும் மாற்றங்களை நாங்கள் இழுத்தடிக்கிறோம் என்று மேனேஜர் மிஸ்டர் லிம்முக்குக் கோபம். "வேகத்தை அளந்து காட்டு. கூட்டியும் காட்டு" என்றார்.

எப்படி அளப்பது? சாப்பிடும்போதும் குழம்பினேன், பேக்டரி பஸ்ஸிலும் குழம்பினேன். கடைசியில் எனக்குப் புரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டேன். மாற்றிய புரோகிராம் உற்பத்திக் கூடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், அதை எழுதியவர் பெயருக்கு நேரே பலகையில் ஒரு கோடு. மாதக் கடைசியில் அதிகக் கோடு வாங்கியவருக்கு ரைஸ் குக்கர் பரிசு.

கோடுகள் பெருகின. புதிதாகச் சேர்ந்த மலர்விழியின் பெயருக்கு நேரே வேலி கட்டியதுபோல் கோடுகள். நான் பூரித்துப்போனேன். ஆனால் கூடத்து சூப்பர்வைசர் லெட்சுமி அக்கா தினமும் போனில் கத்தினார்.

"தம்பி, உங்க புரோகிராம் அடிக்கிற லேபல் மறுபடியும் கோணலா வருது லா! லைன் நிக்குது!"

"அக்கா, இந்த மாசந்தான் நாங்க ரொம்ப வேகமா வேலை செய்றோம்."

"அதான் தம்பி பயமா இருக்கு!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேகமும் கூடுகிறது, திட்டும் கூடுகிறது. (அக்காவுக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையோ என்றுகூட நினைத்தேன்.)

பரிசளிப்பு கேண்டீனில். மிஸ்டர் லிம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மலர்விழி பெயரைப் பெருமையாக வாசித்தேன். அவள் எழுந்து வந்தாள், கண்கள் கலங்கியிருந்தன.

"மிஸ்டர் குணா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

"பரிசுதானே தர்றேன்?"

"லேபல் புரோகிராம நான்தான் கெடுத்தேன். மத்த கோடெல்லாம் அதச் சரி பண்ணப் போனது. ஒண்ணச் சரி பண்ணா இன்னொண்ணு ரொசாக் ஆச்சு, கெட்டுப்போச்சு. இது தெரிஞ்சேதான் இத்தனை பேர் முன்னால என்னைக் கிண்டல் பண்றீங்களா?"

தெரியும் என்றால் நான் கொடியவன். தெரியாது என்றால் முட்டாள். கையில் ரைஸ் குக்கரோடு யோசித்தேன்.

"தெரியாது" என்றேன்.

கேண்டீனே சிரித்தது. லெட்சுமி அக்கா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். மலர்விழிகூட அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். மிஸ்டர் லிம் மட்டும் சிரிக்கவில்லை. நேராக எங்கள் பிரிவுக்குப் போய், பலகையைத் தன் கையாலேயே அழித்தார்.

அடுத்த மாதத்திலிருந்து, லெட்சுமி அக்கா ஒரு மாற்றம் கேட்டது முதல், "சரியா இருக்கு தம்பி" என்று அவர் சொல்லும்வரை எத்தனை நாள் ஆகிறது என்று அளந்தோம். எண்கள் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் லைன் ஓடியது. மலர்விழி எப்போது என்னை மன்னித்தாள் என்று தெரியாது. எப்படியோ, என்னையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

இன்றும் வீட்டில் ஒழுகும் குழாயை நான் முடுக்க, அது பீறிட்டு அடிக்க, மறுபடி ஸ்பேனரோடு குனிந்தால் போதும், அவள் குரல் கொடுப்பாள்: "பிள்ளைங்களா, வாளி கொண்டாங்க! அப்பா பரிசு வாங்காம விடமாட்டாரு!"