சவரி கொன்ற சூசை

இக்கதையைக் கேட்போர் முதலில் மூன்று செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும். கெலுகோரில் குடியிருக்கும் பாக்கியநாதன், பத்து காவான் என்னும் ஊரில் தொழிற்சாலையொன்றில் பொருள்களின் குறைகாணும் பணியில் இருப்பவர். வீட்டில் அப்பணி அவருடைய மனைவி ஆலிஸிடம் இருக்கிறது. அந்த ஆலிஸ் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். கொலையாளியைக் கண்டுபிடிக்கும் கணினி விளையாட்டு எதுவாயினும், பிணம் தரையில் விழுந்து அடங்குவதற்குள் பெயரைச் சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விடுவார். மூன்றாவது, ஆலிஸின் தங்கை மோனிக்கா வரும் சனிக்கிழமை நிபோங் திபாலிலிருந்து பத்து காவானுக்கு வீடு மாறுகிறார். அவரிடம் ஒரு தேக்கு அலமாரி உண்டு. அதை ஒருமுறை தூக்கியவர்கள் மறுமுறை உறவு கொண்டாடுவதில்லை.

"புதுவீடு மூணாவது மாடி. லிஃப்ட் வேற ரோசாக், ரிப்பேரே பண்ணல," என்றார் ஆலிஸ். "நீங்கதான் தூக்கணும்."

அக்கணமே பாக்கியநாதன் உறுதி பூண்டார்: உயிர் போனாலும் முதுகு போகக் கூடாது.

"ஒரு பந்தயம் ஆலிஸ். நானே ஒரு கொலை கேம் செஞ்சிருக்கேன். கொலைகாரன் யாருன்னு நீ சரியாச் சொல்லிட்டா, அலமாரியை நான் ஒத்தையாத் தூக்குறேன். சொல்லலன்னா, சனிக்கிழமை பூரா கட்டில்ல கிடப்பேன். யாரும் எழுப்பக் கூடாது."

"நீங்க செஞ்ச கேமா? அப்போ நியாயமா இருக்காதே."

"ஏன்லா?"

"போன வாரம் ஒரு கேம்ல கடைசிக் காட்சியில வந்த தபால்காரன்தான் கொலைகாரன்னு முடிச்சிட்டாங்க. அதுவரைக்கும் அந்த ஊருக்குத் தபாலே வரல! மூணு மணி நேரம் விளையாடினவ மனசு என்ன பாடுபடும்? விதிகளை எழுதிக் கொடுங்க."

ஆலிஸ் சொல்லச் சொல்ல எழுதினார். கொலையாளி முதற்காட்சியிலேயே வர வேண்டும். தடயம் யாவும் ஆடுபவர் கண்ணில் பட வேண்டும். எந்தத் தடயமும் பொய் சொல்லக் கூடாது. நான்காவதாக, விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றுள் எதை மீறினாலும் ஆட்டம் ஆலிஸுக்கு.

பாக்கியநாதன் புன்னகையோடு கையொப்பமிட்டார். புன்னகைக்குக் காரணம் இருந்தது. அவர் செய்த விளையாட்டு, சவரி என்று விடை தந்தால் கொலையாளி சூசை என்னும். சூசை என்றால் சவரி என்னும்.

ஆட்டம் தொடங்கியது. கடலோர மாளிகை. சவரி, சூசை என்னும் இரட்டையர். இருவருக்கும் ஒரே முகம், ஒரே மீசை, ஒரே பூப்போட்ட சட்டை. அடுத்த காட்சியில் ஒருவர் பிணம்; மற்றவர் தலைமறைவு. பிணத்தின் முகத்தில் ஆறு கிலோ டுரியான் பழம் ஒன்று விழுந்திருந்தமையால் ஆள் அடையாளம் தெரியவில்லை. அருகே சமையற்காரர் எழுதிய சீட்டு: "சவரி கொன்ற சூசையை என் கண்ணால் பார்த்தேன்."

ஆலிஸ் அதை இருமுறை படித்தார்.

"சவரி சூசையைக் கொன்னானா, சூசை சவரியைக் கொன்னானா?"

"அதைத்தானே நீ கண்டுபிடிக்கணும்!"

"சமையல்காரரைக் கேக்கலாமா?"

"ஊமையாயிட்டாரு."

"எப்போ?"

"சீட்டை எழுதி முடிச்ச உடனே."

"பாவம்," என்ற ஆலிஸ், விடைப்பெட்டியில் நிதானமாகத் தட்டினார்: சவரி கொன்ற சூசை.

கணினி யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. அதன் விசிறி மட்டும் பெருமூச்சு விட்டது.

"இது விடையே இல்ல!" என்று பாக்கியநாதன் துள்ளி எழுந்தார்.

"ஏங்க?"

"ரெண்டு அர்த்தம் வருது! சவரி கொன்ன சூசையா, சவரியைக் கொன்ன சூசையா? ரெண்டாம் வேற்றுமை உருபு மறைஞ்சு நிக்குதுலா! ஒரு வாரம் உக்காந்து படிச்சிருக்கேன், என்கிட்டயேவா?"

"அப்போ உங்க சீட்டுலயும் ரெண்டு அர்த்தம் வருதே. விடை ஒண்ணு இல்ல. நாலாவது விதி போச்சு, நீங்க தோத்துட்டீங்க."

"இல்ல, இல்ல. என் சீட்டுல ஒரே அர்த்தம்தான்."

"அப்போ நான் எழுதினதுலயும் அதே ஒரே அர்த்தம்தான். விடை சரி. அப்பவும் தோத்துட்டீங்க. எந்தத் தோல்வி வேணும்? உங்க இஷ்டம்."

பாக்கியநாதன் இரண்டு தோல்விகளையும் எடைபோட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே எடையாக இருந்தன.

"எப்படித் தெரிஞ்சிச்சு?"

"என் இலக்கணப் புத்தகத்துல வேற்றுமைப் பக்கம் பூரா கறிபாப் தின்ன கை எண்ணெய். இருபது வருசமா அந்தப் பக்கம் நீங்க எட்டிப் பாத்ததே இல்லையே! அதான் நாலாவது விதியைச் சேர்த்தேன்."

பின்னர் முடிவாகிய செய்திகள் இவை. அலமாரி சனிக்கிழமை காலை ஏறத் தொடங்கி மதியத்தில் மூன்றாம் மாடியை அடைந்தது. புதுவீட்டுக்குக் கீழ்வீட்டுக்காரர் சாஹித் இரக்கப்பட்டு ஒரு முனையைப் பிடித்தார், நான்காம் படியில் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. சமையற்காரரின் வாக்கியம் ஆலிஸின் பள்ளியில் நான்காம் படிவ மாணவர் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாயிற்று. புதுவீட்டு வாசல் அலமாரியைவிட நான்கு விரல் குறுகல் என்பது மோனிக்காவுக்கு முந்தைய வாரமே தெரியும். யாரும் கேட்கவில்லை, ஆதலால் அவர் சொல்லவில்லை. தடயம் யாவும் கண்ணில் பட வேண்டும் என்னும் விதி வீடு மாறுவோருக்குப் பொருந்தாது என்று ஆலிஸ் தீர்ப்பளித்தார். அலமாரியை அன்றே கீழே இறக்கியவரும் பாக்கியநாதனே.