சுவரிடம் சொன்ன இங்கிலீஷ்

இனிமேல் மனைவியை இங்கிலீஷில் மட்டும்தான் குறை சொல்வது என்று தீர்மானித்தேன். தாம்பத்தியத்தில் நான் எடுத்த ஒரே துணிச்சலான முடிவு அது. அனுசுயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

எனக்கும் தெரியாது. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் நான். சரக்கு தாமதமானால் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரிடம் காரணம் சொல்ல ஆள் வேண்டும் என்று முதலாளி என்னை மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார். நடக்காமல் போனதை, நடந்திருந்தால் என்று சொல்லக் கற்றுத் தந்தார்கள். சாயம் நேரத்துக்கு வந்திருந்தால் சரக்கு கப்பல் ஏறியிருக்கும். எக்ஸ்போர்ட்டுக்கென்றே செய்த இலக்கணம்!

"வீட்டில் சுவரைப் பார்த்துச் சத்தமாகப் பழகுங்கள்" என்றார் வாத்தியார்.

எங்களுடையது லைன் வீடு. வரிசையாக ஐந்து குடும்பம், ஒரே ஓட்டுக்கூரை. சுவர் முன் நின்றேன்.

"இஃப் ஐ ஹேட் மேரீட் சித்ராதேவி, ஐ வுட் ஹேவ் ஈட்டன் கோகனட் சட்னி டெய்லி."

சித்ராதேவி, உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புக்காரர் மகள். ஜாதகம் பொருந்தாமல் எனக்குத் தவறி, வெள்ளகோவிலில் என் மாமியார் வீட்டுக்கு எதிர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.

"ஏனுங்க, என்ன சொல்றீங்க?"

"சாயப்பட்டறைக்காரனத் திட்டறேன்."

"நல்லாச் சத்தமாத் திட்டுங்க."

மறுநாள் தட்டில் தேங்காய்ச் சட்னி! திடுக்கிட்டேன்.

"என்ன திடீர்னு?"

"தோணுச்சுங்க."

கல்யாணமே செய்யாதிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கியிருப்பேன் என்று அடுத்ததாகப் புலம்பினேன். அந்த ஞாயிறு ஒரு குடம்கூடச் சத்தம் போடவில்லை. விழித்தபோது வெயில் முற்றத்தைத் தாண்டியிருந்தது. 'நடந்திருந்தால்' என்ற நடக்காத ஊரில் கேட்டதெல்லாம் நடக்கிற ஊருக்கு வந்து சேர்கிறதே!

யார் சமைப்பது என்று அவளை ஒரு தீபாவளிக்கும் அம்மா வீட்டுக்கு நான் விட்டதில்லை. ருசி கண்ட நாக்கு அதையும் மறந்தது. போன தீபாவளிக்கு இவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் ராஜாவாக இருந்திருப்பேன் என்று கூரை அதிரச் சொன்னேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் பையோடு நின்றாள்.

"அம்மா ஊட்டுக்குப் போறனுங்க. ராஜாவாட்ட இருங்க."

விடிந்ததும் ராஜாவுக்குப் பசித்தது. மெஸ்காரர் மதுரைக்குப் போய்விட்டார். டீக்கடைக்காரர் தேனிக்கு. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தும் திறந்த கடை ஒன்றில்லை. பக்கத்து வீட்டு குல்சார் பேகத்திடம் காபி கேட்டேன். காலேஜில் படிக்கும் அவர் மகள் சாயிமா, சிரிப்பை அடக்கிக்கொண்டு டம்ளரை நீட்டினாள்.

"இங்கிலீஷ் நல்லாப் பேசறீங்கண்ணா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மேலே காட்டினாள். சுவர் கூரையை எட்டவில்லை. ஒரு முழம் இடைவெளி. இத்தனை காலம் குடியிருந்தும் நான் அண்ணாந்து பார்த்ததே இல்லை.

"அக்காவுக்கு நாந்தான் தமிழ்ல சொல்லுவேன். மத்த மூணு வீட்டுக்காரங்களும் கேக்க வந்துருவாங்க."

போன் போட்டேன்.

"அனுசுயா, தெரியாமச் சொல்லிட்டேன். வந்துரு கண்ணு."

"எனக்குக் கோவமே இல்லீங்க. நீங்களாப் போகச் சொன்னது இதுதானுங்களே மொதல் தடவ. சித்ராதேவியும் இங்கதான் இருக்கறா. சட்னி விசயத்தச் சொன்னேன், வுழுந்து வுழுந்து சிரிக்கறா."

"எதுக்குச் சிரிக்கறா?"

"தோப்புக்குள்ளயே பொறந்து வளந்ததுல, அவளுக்குத் தேங்கா வாசமே ஆகாதாமுங்க."