உப்புப் பாத்தியில் உங்கள் வண்டி

மரக்காணம்,
ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை மேத்யூ அவர்களுக்கு, மாமனார் சிலுவைமுத்து ஆண்டவரை முன்னிட்டு எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்பு நீங்கலாக யாவரும் சுகம். அதுபோல் தோஹாவில் தாங்களும், தங்கள் இடுப்பும் சுகமாயிருக்க உங்கள் அத்தை ஆரோக்கியம் தினமும் ஜெபமாலையில் தனியாக ஒரு மணி உருட்டுகிறாள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தாங்கள் கேட்கலாம். போனில் பேசினால் ஜெர்லின் அடுத்த அறையிலிருந்து கேட்பாள். கேட்டால் கதவைச் சாத்துவாள். அந்தக் கதவின் கீல் ஏற்கெனவே ஆடுகிறது. ஆகையால் நம் தெரு ஆரோக்கியராஜ் விடுமுறை முடிந்து தோஹா திரும்பும்போது கையில் கொடுத்தனுப்ப இதை எழுதுகிறேன். விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் மோட்டார் சைக்கிள் கீழே சாய்ந்தது. தூக்கிவிட்டோம். இனி விவரம்.

மாதா திருவிழாவுக்கு வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்த தாங்கள், வேலை ஒப்பந்தத்தை நீட்டிவிட்டதாக ஜெர்லினிடம் போனில் சொன்னீர்கள். அது தங்கள் சம்பாத்தியம், தங்கள் தீர்மானம், நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அதே மூச்சில் "வண்டியை ஸ்டார்ட் பண்ணியா, கவர் போட்டியா" என்றும் கேட்டீர்களாமே, அங்கேதான் எல்லாம் கெட்டது. அன்றிலிருந்து அவள் தங்கள் போனை எடுப்பதில்லை. தங்கள் பெயர் இந்த வீட்டில் சாப்பாட்டு வேளையில் கூட உச்சரிக்கப்படுவதில்லை. உங்கள் அத்தை தவறிப்போய் "அவருக்குப் பிடிச்ச நெத்திலி" என்று ஆரம்பித்துவிட்டு, "அவருக்கு" என்றது பங்குச்சாமியாரை என்று மாற்றிச் சொல்லும் நிலைமை. போன வாரம் ஜெர்லின் வாசலுக்கு வந்து, கவர் போட்டு மூடிக்கிடந்த வண்டியைக் காட்டி, "அப்பா, இது என் கண்ணு முன்னாடி நிக்கக் கூடாது. எங்கயாவது கொண்டு போயிடுங்க" என்று சொல்லிவிட்டு, உப்புப் பாக்கெட் போடும் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போய்விட்டாள்.

பெற்ற மகள் சொல்லும்போது தகப்பன் என்ன செய்வான்? உப்பளத்தில் கண்ணாயிரத்தின் கொட்டகை இருக்கிறது, நான் மேஸ்திரியாக இருந்த காலத்திலிருந்து சிநேகிதன், அங்கே நிறுத்திவைக்கலாம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது தாங்கள் அறிந்ததே. அது தள்ளும் வண்டியும் அல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உப்பு லாரி போகிற அகலமான வரப்பில் பாதி தூரம் போனதும் மூச்சு வாங்கியது. சைடு ஸ்டாண்டைப் போட்டு, துண்டால் முகம் துடைத்தேன். அந்த மண் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும், ஆயுசெல்லாம் அதில் நடந்தவன் நான், அது நினைவுக்கு வரவேண்டாமா? வரவில்லை. ஸ்டாண்டு மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்க, வண்டி அவசரமே இல்லாமல் இடதுபுறம் சாய்ந்து படுத்தது. நான் பிடிக்கப் போனேன், நல்லவேளை, பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்கள் அத்தை எழுதிக்கொண்டிருப்பாள்.

பதற்றத்தில் நான் செய்த முதல் காரியம், வண்டியைப் பார்த்தபடி நின்று, குனிந்து, ஹேண்டிலைப் பிடித்து ஒரே மூச்சாக இழுத்தது. வண்டி அசையவில்லை. இடுப்பில் மட்டும் ஏதோ ஒன்று இடம் மாறியது. அதற்குப் பிறகு நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை, ஆகவே நானும் வண்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக் கிடக்கும்போது கண்ணாயிரமும், உப்புச் சுமக்கும் பெண்களுக்குத் தலைவியான மங்கம்மாவும் ஓடிவந்தார்கள். முதலில் எதைத் தூக்குவது என்று கண்ணாயிரம் யோசிக்க, மங்கம்மா சற்றும் யோசிக்கவில்லை.

"வண்டிலேர்ந்து பெட்ரோல் ஒழுவுது. மேஸ்திரிகிட்டேர்ந்து ஒண்ணும் ஒழுவல. அது கெடக்கட்டும்."

இவளுக்கு நான் பல வருஷம் மேஸ்திரியாக இருந்திருக்கிறேன், மாப்பிள்ளை.

அப்போது கண்ணாயிரம் ஒரு நல்ல யோசனை சொன்னான். போனில் ஏதோ வீடியோவில் பார்த்தானாம், ஒல்லியான ஒரு பொண்ணு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்பக்கத்தை முட்டுக்கொடுத்து, காலாலேயே தள்ளி நிமிர்த்தினாளாம். நான் படுத்தபடியே வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். காரணம் தங்களுக்கே தெரியும். பெட்ரோல் டேங்கின் மேல் தங்கள் தாயார் ஒட்டிய ஆரோக்கிய மாதா படம் இருக்கிறது. மாதாவுக்கு நேராகப் பின்பக்கத்தைக் காட்டி உட்காருவதா? கண்ணாயிரம் அங்காளம்மனைக் கும்பிடுகிறவன்தான், ஆனாலும், "அதுவும் சரிதான் மேஸ்திரி, எந்த ஆத்தாவா இருந்தாலும் ஆத்தாதான்" என்று பயபக்தியோடு முன்பக்கமாகவே தூக்கச் சம்மதித்தான். சக்கரத்துப் பக்கம் அவன் நின்றான். சீட்டுப் பக்கம் மங்கம்மாவும் அவள் கூட்டத்துப் பெண்களும் நின்றார்கள். உப்புக் கூடையைத் தூக்கி ஆள் தலையில் ஏற்றுவதற்கு எதிரும் புதிருமாக நிற்பார்களே, அந்த நிலை. தூக்கினார்கள். என்ன கைகள் அவை! வண்டி பூப்போல எழுந்து நேராக நின்றது. நான் கையைக் கூப்பி மாதாவுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

கூடை தலையில் உட்கார்ந்ததும் தூக்கிவிடுகிறவர்கள் ஒரே சமயத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பது உப்பளத்துப் பழக்கம். ஒரு கை தங்கினாலும் சுமக்கிறவள் கழுத்து திருகிவிடும். மங்கம்மா காலமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லியே வாய் பழகியவள். வண்டி நிமிர்ந்த அந்த நொடியில் அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஏத்தியாச்சு, வுடு!"

எல்லோரும் விட்டார்கள். சுமக்க அடியில் தலைதான் இல்லை. வண்டி ஒரு கணம் தன்னந்தனியாக நின்றது, அதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு வலதுபுறம் சாய்ந்தது. கண்ணாயிரம் பாத்திக்குள் குதித்து உயிர் தப்பினான். வலது கண்ணாடி வரப்பின் ஓரத்தில் மோதி உடைந்தது. ஹேண்டிலின் ஒரு முனை உப்புத் தண்ணீரில் முங்கியது. மங்கம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றாள், பாவம். அதுவரை அவள் கை எதையும் கீழே போட்டதில்லை.

அந்நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து வீடு திரும்பும் ஜெர்லின் வந்துவிட்டாள். கீழே கிடந்த என்னைப் பார்த்தாள், கீழே கிடந்த வண்டியைப் பார்த்தாள். என்னிடம் வந்து, "கை கால் அசைக்க முடியுதாப்பா?" என்று கேட்டாள். அசைத்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினாள்.

முதலில், தள்ளுவதற்காக நான் திருப்பிவைத்திருந்த சாவியை அணைத்தாள், பெட்ரோல் ஒழுகும்போது அது ஆனில் இருக்கக் கூடாதாம். வண்டி உருளாதபடி கியரில் போட்டாள். மேலே தூக்கிக்கொண்டிருந்த இடது பக்கத்தில் மடங்கிக் கிடந்த ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவிட்டாள், எழுந்து அந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஸ்டாண்டு தாங்கும். அது ஊன்றப்போகும் இடத்தில் கண்ணாயிரத்தின் உப்பு வாரும் பலகையைப் போடச் சொன்னாள். "யாரும் கை வைக்காதீங்க" என்று மங்கம்மாவைப் பார்த்துச் சொன்னாள். ஹேண்டிலைத் திருப்பி, கீழே கிடந்த கைப்பிடியை ஒரு கையால் பற்றி, மறுகையால் சீட்டுக்கடியில் கம்பியைப் பிடித்து, வண்டிக்கு முதுகைக் காட்டிச் சீட்டோடு சீட்டாகக் குந்தினாள்.

"ஜெர்லின்! மாதாவுக்கு முதுகு காட்டாதே!" என்று கத்தினேன்.

"மாதா கீழ கெடக்கறாங்கப்பா. தூக்கறவ எந்தப் பக்கம் பாத்தா அவங்களுக்கு இன்னா?"

இந்தக் கேள்வியைப் பங்குச்சாமியாரிடம் கேட்டிருக்கிறேன், அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இதற்குள் ஜெர்லின் முதுகை நேராக வைத்துக்கொண்டு, காலை ஊன்றி, சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நடந்தாள். வண்டி அவள் முதுகோடு எழுந்து வந்தது. நிமிர்ந்ததும் தள்ளுவதை நிறுத்தி, மெதுவாகப் பலகையின் மேல் சாய்த்தாள். நின்றது. மங்கம்மா மூச்சே விடாமல், "எங்கம்மா கத்துகின?" என்று கேட்டாள்.

"அவருதான். கல்யாணம் ஆன புதுசுல, கோயில் மைதானத்துல சாக்கு விரிச்சு வண்டியப் படுக்க வச்சு, தூக்குன்னாரு. தூக்கத் தெரிஞ்சவங்கதான் இதுல ஏறணும்னாரு. இடுப்பால இழுக்காத, காலால தள்ளு, அவசரப்படாதன்னு சொல்லிகினே இருந்தாரு."

"அவரு" என்றாள், மாப்பிள்ளை. எத்தனையோ மாதம் கழித்து. இது பங்குச்சாமியார் அல்ல. எனக்கு இடுப்பு வலி மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீர் இரும்பை அரித்துவிடும் என்று, என்னை உங்கள் அத்தையிடம் தைலத்துக்கு ஒப்படைத்துவிட்டு, குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். செயினுக்கு எண்ணெய் போட்டாள். பெட்ரோல் வாடை அடங்கி, எல்லாம் காய்ந்த பிறகு ஸ்டார்ட் செய்தாள். அந்தச் சத்தம் கேட்டு உங்கள் அத்தை தைலக் கையோடு, "மாப்ள வந்துட்டாரா?" என்று வாசலுக்கு ஓடினாள். ஜெர்லின் உடனே வண்டியை அணைத்துவிட்டாள். திரும்பி வந்து என்னிடம், "எழுதுங்கப்பா. ஆள அனுப்பி வண்டிய எடுத்துக்கச் சொல்லுங்க. இனிமே இத என்னால பாத்துக்க முடியாது" என்றாள். குரல் சரியாக இல்லை.

ஆகையால் மகளின் சொற்படி எழுதுகிறேன். தாங்கள் தகுந்த ஆளை அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்ளவும். கண்ணாடி ஒன்று உடைந்தது நீங்கலாகச் சேதமில்லை. தாங்கள் வருவதை இந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை, ஆகவே அதை முன்னிட்டுச் சிரமப்பட வேண்டாம். வேலை முக்கியம். வெயிலில் தலையை மூடிக்கொள்ளவும். கடலும் பாலைவனமும் தாண்டியும் கண்காணிக்கிற ஆண்டவர் தங்களுக்கு நல்ல தூக்கமும், நல்ல மேலதிகாரியும், கொஞ்சம் புத்தியும் அருளட்டும்.

தங்கள் நலம் நாடும் மாமனார்,
சிலுவைமுத்து (படுத்தபடி எழுதியது)

பின்குறிப்பு: இன்று புதன். ஆரோக்கியராஜ் கடிதத்தை வாங்க வாசலில் நிற்கும்போது ஜெர்லின் இரண்டு ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள். "எங்கம்மா?" என்றேன். "மீனம்பாக்கம் ஏர்போர்ட்டு. அவரு வர்றாரு" என்றாள். உடைந்த கண்ணாடியை மட்டும் போட்டோ எடுத்துத் தங்களுக்கு அனுப்பினாளாம், ஒரு எழுத்துகூட எழுதாமல். "உடனே போன் வந்துச்சுப்பா. உனக்கு அடி பட்டுச்சான்னு கேட்டாரு. திரும்பத் திரும்ப அதையே கேட்டாரு. வண்டியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல." இதைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டிகளை எதில் ஏற்றுவீர்கள் என்று உங்கள் அத்தை கேட்கிறாள், நெத்தியும் வாங்கி வைத்துவிட்டாள், நெத்திலி என்று திருத்திப் படிக்கவும், அவசரம். ஆகையால் இக்கடிதம் தோஹாவுக்குப் போகவில்லை. தாங்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரில் தருவேன். தோஹாவில் இருந்து படிப்பதாக நினைத்துப் படிக்கவும். அன்றைக்கு வண்டியோடு வீட்டுக்கு வந்துவிட்ட தன் பலகையைக் கேட்டுக் கண்ணாயிரம் ஆள் அனுப்பியிருக்கிறான், கொடுக்கவில்லை. வாசலில் நீங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் அதைப் போட்டு வைத்திருக்கிறேன்.