மிசௌரிக்குப் புறப்பட்ட டாலிவர்கள்

அறுபத்தேழாவது பிறந்தநாள் காலையில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டை விற்றுவிட வேண்டும். விற்று, கட்டிலும் அடுப்பும் வைத்த கேரவன் வண்டி ஒன்று வாங்கி, மேற்கே பார்த்துக் கிளம்பிவிட வேண்டும். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான். மொத்தப் பாதையே பதினோரு மைல்தான். போக, வர, போக, வர. எல்லாவற்றையும் கூட்டினால் நிலாவுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் நான் பார்த்ததென்னவோ ஸ்பைஸ்வுட் ஓடையின் இரண்டு கரைகளைத்தான்.

முடிவெடுப்பதில் எனக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை. அதை ஓனிடாவிடம் சொல்வதுதான் சிரமம். ஓனிடா என் மனைவி. எங்கள் கென்டக்கிச் சட்டப்படி வீடு புருஷன் பெயரிலேயே இருந்தாலும், விற்கும்போது பெண்டாட்டியும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவன் கட்டாயம் கல்யாணமானவன். எழுதும்போது அவன் பெண்டாட்டியும் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

சமையலறைக்குப் போனேன். அவள் பீன்ஸை வேகவைத்து ஜாடிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓனிடா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"ஷூவக் கழட்டிட்டுச் சொல்லு. இப்பத்தான் தரையத் துடைச்சேன்."

கழற்றினேன். இடது காலுறையில் ஓட்டை. கட்டைவிரல் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. என் கம்பீரத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

"வீட்ட வித்துடலாம்னு இருக்கேன்."

"ம்."

"வித்துட்டு மேற்க போயிடலாம்."

"ம். அந்த மூடிய எடு."

"வெளையாட்டுக்குச் சொல்லல. இது என் ரத்தத்துலயே இருக்கு. எங்க ஆம்புரோஸ் டாலிவர் யாருன்னு தெரியும்ல?"

"தெரியாம? கல்யாணம் ஆன நாள்லேருந்து நம்மகூடத்தான குடியிருக்கார்."

ஆம்புரோஸ் டாலிவர் எங்கள் குலமுதல்வர். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டில் மலைக் கணவாய் வழியாக ஒரு கோடாலி, ஒரு பசு, ஒரு பெண்டாட்டி சகிதம் வந்து, இந்த ஓடைக்கரையில் முதல் மரக்குடிசையைப் போட்டவர். பசுவின் பெயர் தெரியாது. பெண்டாட்டி பெயர் கெசியா.

"அவர் 'கெளம்பு'ன்னார், கெசியா கெளம்பிட்டா," என்றேன். "ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பாளா?"

"நீ பக்கத்துல இருந்து பார்த்தியா?"

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க அப்படி."

ஓனிடா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சரி ஹோபர்ட். ஒண்ணு செய்வோம். ஆம்புரோஸ் இருந்த வீட்ட வித்துட்டு வேற ஊருக்குக் கெளம்பினார்னு எங்கயாவது எழுதியிருந்தா கொண்டுவந்து காட்டு. வாயால சொல்லக் கூடாது, காகிதத்துல காட்டணும். காட்டிட்டா, அன்னிக்கு கெசியா என்ன செஞ்சாளோ அதையே நானும் செய்றேன். ஒரு இம்மி மாத்த மாட்டேன்."

"எழுதித் தருவியா?"

காலண்டரில் போன மாதத்தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். நாற்பது வருஷத்தில் எனக்குச் சாதகமாக அவள் எழுதிய முதல் காகிதம் அதுதான். புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே சுதாரித்திருப்பான். நான் காலுறையை மாற்றிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினேன்.

எங்கள் கோர்ட்டில் பழைய பத்திரங்களெல்லாம் நிலவறையில் இருக்கின்றன. அவற்றுக்குக் காவல் வில்லோடீன் என்கிற அம்மாள். தேவாலயத்துப் பாட்டுக் குழுவில் ஓனிடாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். இதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

என் திட்டம் எளிமையானது. ஆம்புரோஸுக்கு மேற்கே மிசௌரிக்குப் போகிற ஆசை இருந்ததாக அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் போயிருந்தால் அங்கே வாரிசுகள் இருக்க வேண்டும். எனவே வாரிசுகளைத் தேடுவது. கடிதம் எழுதினேன். போன் பேசினேன். மலைமேட்டுக் கல்லறைகளில் மண்டியிட்டுப் பாசியைத் தேய்த்துப் பெயர்களைப் படித்தேன். அங்கே படர்ந்திருந்த விஷக்கொடி உடம்பில் பட்டு இரண்டு வாரம் சொறிந்துகொண்டிருந்தேன்.

நாலு மாதத்தில் நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டது. என் பல்லைப் பிடுங்கிய டாக்டர் ஒரு டாலிவர். வேலித் தகராறில் ஏழு வருஷமாக என்னோடு பேசாதவன் தாய்வழி டாலிவர். ஒரு கிழவர் என்னைப் பார்த்ததும், தன் தாத்தாவின் குதிரைச் சேணத்தை என் தாத்தா வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை என்று ஆரம்பித்துவிட்டார். வம்சத்தைத் தேடப்போய் வம்பைத் தேடிக்கொண்டு வந்தேன்.

"எத்தன பேரு சேர்ந்திருக்கு?" என்று சாப்பிடும்போது ஓனிடா கேட்டாள்.

"நானூத்திப் பன்னெண்டு."

"எங்கெங்க இருக்காங்க?"

"இந்த ஓடையச் சுத்தித்தான். ஒம்பது மைலுக்குள்ள."

"மிசௌரில?"

"தேடிக்கிட்டிருக்கேன்."

"அவர் மிசௌரிக்குப் போயிருந்தா இத்தன பேரு இங்க எப்படிப் பொறந்தாங்க?"

இது கொஞ்சம் சங்கடமான கேள்வி. "ஆராய்ச்சின்னா அப்படித்தான். ஒனக்குப் புரியாது," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்று சோளரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த வாரமே கிடைத்துவிட்டது. ஆயிரத்து எண்ணூற்றுப் பதினேழு, பத்திரப் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் அடியில். ஆம்புரோஸ் டாலிவர் ஆகிய நான் மிசௌரிப் பிரதேசத்துக்குக் குடிபெயர இருப்பதால், எனது நிலம், வீடு, பழத்தோட்டம் யாவற்றையும் மைக்காஜா ஹார்ன் என்பவருக்கு விற்கிறேன். துள்ளி எழுந்தேன். தலையில் அலமாரி இடித்தது. வலி தெரியவில்லை.

"வில்லோடீன், இந்தப் பக்கத்த ஒரு காப்பி எடு."

"அடுத்த பக்கத்தையும் எடுக்கட்டுமா?"

"எதுக்கு? அது வழக்கமான பத்தி."

அந்தப் பத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஒருவன் நிலம் விற்றால், இரண்டு நீதிபதிகள் அவன் மனைவியைத் தனியே, புருஷன் காதில் விழாத இடத்துக்கு அழைத்துப் போய், உனக்கு மனசார இஷ்டமா என்று கேட்பார்கள். அவள் இஷ்டம் என்பாள். எழுதிக்கொள்வார்கள். இருநூறு பத்திரம் பார்த்துவிட்டேன், இருநூறிலும் ஒரே வாசகம்தான். வம்சம் தேடுகிற எவனும் அதைப் படிப்பதில்லை. முதல் நான்கு வார்த்தை கண்ணில் பட்டதும் பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

வில்லோடீன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "நிச்சயமா வேணாமா?"

"நாலு மாசமா இதே வேலையா இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும்," என்றாள்.

ஓனிடா காகிதத்தை இரண்டு முறை படித்தாள். நான் காலண்டர் தாளை எடுத்து நீட்டினேன். அதையும் படித்தாள்.

"சொன்னா சொன்னதுதான். கெசியா செஞ்சத செய்றேன். நாள் பாரு."

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஒருவர் விடாமல் சொன்னேன். பெண்டாட்டியை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று இரண்டு இளைஞர்களுக்கு இலவச ஆலோசனையும் கொடுத்தேன். கார்லிஸ் சைஸ்மோர் தன் மகளுக்காக எங்கள் வீட்டை வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். கேரவனுக்கு என்ன நிறம் என்பதுதான் பாக்கி.

பத்திரம் எழுதுகிற நாள் வந்தது. ஓனிடா ஞாயிற்றுக்கிழமை போடுகிற நீல கவுனைப் போட்டுக்கொண்டாள். கோர்ட்டில் வில்லோடீன் பத்திரத்தை மேஜைமேல் விரித்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்துக்கு ஒரு வாலும் போட்டேன். பேனாவை ஓனிடாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக் கீழே வைத்தாள்.

"வில்லோடீன், உன்கிட்டத் தனியாப் பேசணும். என் புருஷன் காதுல விழாத இடத்துல."

"உள்ள வா," என்றாள் வில்லோடீன், ஏற்கனவே எழுந்து நின்றபடி.

"என்ன இது? எதுக்குத் தனியா?" என்றேன்.

"கெசியா பேசினா. நானும் பேசறேன்."

கதவு சாத்திக்கொண்டது. நானும் கார்லிஸும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கார்லிஸ் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"உள்ள என்னப்பா நடக்குது?"

"ஒண்ணுமில்ல. வழக்கமான பத்தி," என்றேன்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வழக்கமான பத்திக்கு யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

ஓனிடா வெளியே வந்தாள். நான் வேண்டாமென்ற அடுத்த பக்கத்தின் காப்பி அவள் கையில் இருந்தது. படித்தேன். மேற்படி கெசியாவை அவள் கணவன் இல்லாமல் தனியே விசாரித்ததில், தான் கையெழுத்துப் போடப் போவதில்லை என்கிறாள். விதைத்த பீன்ஸ் நிலத்தில் இருக்கிறது என்றும், தன் பிள்ளைகள் இருவர் மேட்டில் புதைந்திருக்கிறார்கள் என்றும், இது குறித்துக் கணவன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் சொல்கிறாள். அவருக்கு மிசௌரி போக வேண்டுமானால் பாதையை யாரும் அடைக்கவில்லை என்றும் சொல்கிறாள். ஆகவே இந்த விற்பனை செல்லாது.

கார்லிஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நைசாகக் கிளம்பினான். வாசல் தூணருகே போய் நின்றுகொண்டான். ஊருக்குச் செய்தி சொல்ல ஆள் வேண்டுமே.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று ஓனிடாவைக் கேட்டேன்.

"பதினாறு வருஷமாச்சு. நீ மொத தடவ மேற்க போகணும்னு பொலம்பினப்பவே வில்லோடீன் தேடி எடுத்துக் குடுத்தா."

"அப்ப என்னைய நாலு மாசம் கல்லறை கல்லறையா ஏன் அலையவிட்ட?"

"ரிடையரானதுலேருந்து என் சமையலறைய ஒழுங்குபண்றேன் ஒழுங்குபண்றேன்னு உசுர வாங்கின. மாவு டப்பா எங்க, உப்பு எங்கன்னே தெரியல. இந்த நாலு மாசம்தான் நிம்மதியா சமைச்சேன்."

"என் முகத்துக்கு நேரா வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எப்பக் கேட்ட? வித்துடலாம்ன. போயிடலாம்ன. உனக்கு இஷ்டமான்னு ஒரு தடவ கேட்டியா, ஹோபர்ட்? எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு. காலைல அந்த ஜன்னல் வழியா ஓடையப் பார்த்துக்கிட்டுக் காபி குடிக்கறது பிடிச்சிருக்கு. அத விட்டுட்டு வர எனக்கு மனசில்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையாகவே வெட்கம். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அப்போதே மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஆனால் தூண் மறைவில் கார்லிஸ் நிற்கிறானே. ஆம்பளை விட்டுக்கொடுக்க முடியுமா?

"அப்ப நான் தனியாப் போறேன்," என்றேன். "ஆம்புரோஸ் மட்டும் சும்மா இருந்திருப்பாரா? அவரும் போயிருப்பார்."

"போனார்," என்றாள் வில்லோடீன். "வரிப் புத்தகத்துல இருக்கு. பதினோரு மாசம் ஆளு கெடையாது. அப்புறம் பார்த்தா அதே நெலம், அதே கெசியா. அடுத்த வருஷமே ஒரு பையன். நீ அந்தப் பையன் வழிதான்."

நான் படியிறங்கி வண்டியைக் கிளப்பினேன். ஓனிடா தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து, "பத்திரமாப் போயிட்டு வா," என்றாள். மற்றவர் சொன்னால் அது மரியாதை. அவள் சொன்னால் அது தீர்ப்பு.

மேற்கே ஓட்டினேன். கோபத்தில் இருபது மைல் நன்றாகவே போனது. முப்பதாவது மைலில் ரத்தக்கொதிப்பு மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. நாற்பதாவது மைலில் பசித்தது. அங்கே ஒரு பெட்ரோல் பங்க்கில் பாதை கேட்டேன். கடைக்காரர் மிசௌரிக்கு இப்படி நேரே என்று விரிவாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை மரியாதைக்காகக் காத்திருந்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

ஆம்புரோஸ் டாலிவர் பதினோரு மாதம் தாக்குப்பிடித்தார். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன்.