அப்ஜெக்ஷனுக்கு ஆட்சேபணை உண்டா?

கட்டின மனைவியை, "இந்த அம்மா யாருன்னே எனக்குத் தெரியாது" என்று அரசு அதிகாரிகள் முன்னிலையில், பட்டப்பகலில், முழு சுயநினைவோடு சொன்ன ஒரே மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் எங்கள் அப்ஜெக்ஷன்தான். வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நேரில் வந்து அவரையும், முக்கியமாக அவர் மனைவியையும், பார்த்துவிட்டுப் போகிறேன்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நான் அங்கே பள்ளிக்கூட ஆசிரியன். பாடம் நடத்துவது போதாதென்று, ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட வீடுகளுக்கெல்லாம் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அதே வாக்குச்சாவடியில் ஒரு கூட்டணியின் ஏஜென்ட் அவர். தேர்தலன்று உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, ஓட்டுப் போட வருகிறவர் உண்மையான ஆள்தானா என்று பார்ப்பது ஏஜென்டின் வேலை. சந்தேகம் வந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. மற்ற ஏஜென்டுகள் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதோடு சரி. இவர் சட்டைப்பை நிறைய இரண்டு ரூபாய் நாணயங்களோடு வருவார்.

அப்படித்தான் ஒரு தேர்தலில் அவர் மனைவி கியூவில் வந்து நின்றார். அதிகாரி பெயரைப் படித்து முடிப்பதற்குள் பெஞ்சிலிருந்து குரல்.

"அப்ஜெக்சன் சார்! லிஸ்ட்ல கீற போட்டோவும் இந்த அம்மா மூஞ்சியும் மேட்ச் ஆவல."

"அடப்பாவி மனுசா!" என்று அந்த அம்மாள் கத்தியது தெருமுனை வரை கேட்டது. "காலைல யாரு கையால நாஸ்தா துன்ன?"

அதிகாரி இளம்பையன். வெலவெலத்துப் போய், "சார், இவங்க உங்க வொய்ஃபா?" என்று கேட்டார்.

"அது வூட்ல சார். இங்க நான் ஏஜென்ட். இந்த அம்மா யாருன்னே எனக்குத் தெரியாது."

கடைசியில் கிராம உதவியாளரை வரவழைத்து, இன்னாருடைய மனைவி இன்னார்தான் என்று சொல்ல வைத்துத்தான் அந்த அம்மாள் ஓட்டுப் போட்டார். நம்மவர் அடுத்த இரண்டு மாதம் ஓட்டலில் சாப்பிட்டார். வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்த எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ரத்த அழுத்தம் வந்தது.

எதிர்க்கூட்டணி ஏஜென்ட் தேசம்மா. மீன் வியாபாரம். அவர் குரல் எழுந்தால் ஏலக்காரரே வாயை மூடிக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். நடுவில் ஒரு தேர்தலில் மேலிடத்தில் என்ன பேசினார்களோ, இருவருடைய கட்சிகளும் ஒரே கூட்டணிக்குள் வந்துவிட்டன. தேசம்மா பெரிய மனது பண்ணி வஞ்சிரம் வறுத்து எடுத்து வந்தார். நம்மவர் இரண்டு துண்டைச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, தேசம்மாவின் கொழுந்தனாருக்கே அப்ஜெக்ஷன் போட்டார்.

"இன்னா அண்ணாத்த இது! நாம ஒரே கூட்டணி!"

"கூட்டணி மேடைல, தேசம்மா. லிஸ்ட்ல இல்ல."

கல்யாண வரம் கேட்டுத் திருவிடந்தைக் கோயிலுக்கு நடையாக நடந்து, கல்யாணமாகி, மறுமாதமே ஓட்டை இங்கே மாற்றிய புது மருமகளையும் அவர் விடவில்லை. "கல்யாணம் ஆச்சுன்னா போதுமா? குடி வந்துச்சா?" என்று அந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்டார். மாமியார் துடைப்பத்தோடு வந்தபோது, "துடைப்பம் ஆதாரமாவாது, ரேசன் கார்டு எடுத்தா" என்றாராம்.

உயிரோடு இருப்பவர்களை இந்தப் பாடு படுத்தியவர் இறந்தவர்களை மட்டும் விடுவாரா? அந்த வட்டாரத்தில் ஒரு சாவு வீட்டைக்கூட அவர் தவறவிட்டதில்லை. எல்லோரும் மாலையோடு வருவார்கள். இவர் மாலையோடு ஃபாரம் ஏழும் கொண்டு வருவார். பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லும் படிவம் அது. செத்தவர் பெயரில் எவனோ ஓட்டுப் போட்டுவிடுவான் என்ற பயம் அவருக்கு ராத்தூக்கத்தைக் கெடுக்கிற பயம். இதில் தன் கூட்டணி, எதிர்க்கூட்டணி என்ற பேதமே அவரிடம் கிடையாது.

போன சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் பட்டியலைச் சரிபார்க்கும் காலத்தில், ஏகாம்பரம் என்ற கொத்தனார் இறந்துபோனார். வழக்கம்போல ஃபாரம் ஏழு என் மேஜைக்கு வந்துவிட்டது. வரிசை எண் 421, பெயர் ஏகாம்பரம், காரணம் மரணம். சம்பந்தப்பட்ட முகவரிக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்து, நீக்குவதில் ஆட்சேபணை உண்டா என்று எழுதி வாங்க வேண்டும். அந்தத் தெருவிலோ பழைய நம்பர், புது நம்பர், அடித்து எழுதிய நம்பர் என்று வீட்டுக்கு மூன்று நம்பர். கொத்தனார் வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பம் ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் நோட்டீஸோடு நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"அண்ணாத்த, ஏகாம்பரம் கேஸ். கையெழுத்துப் போட அவங்க வீட்டுல ஆளில்ல."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். "பேஜார் பண்ணாத சார், குடு" என்று வாங்கி, "ஆட்சேபணை இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதி, யாராலும் படிக்க முடியாத தன் கிறுக்கல் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த காகிதம் அது ஒன்றுதான். நானும் மேலே அனுப்பிவிட்டேன்.

இறுதிப் பட்டியல் வந்த அன்று நான் ஐந்தாம் வகுப்பில் தசமப் புள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். வேட்டி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கமாக அவர் வாசலில் வந்து நின்றார்.

"சார்! நான் செத்துட்டேன் சார்!"

வகுப்பே எழுந்து நின்றது. என் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. பட்டியலை நீட்டினார். நீக்கப்பட்டவர்கள் பக்கத்தில் 421, ஏகாம்பரம்.

"அது கொத்தனார் இல்லையா?"

"கொத்தனாரு நானூத்திப் பன்னெண்டு சார். அவரு லிஸ்ட்ல குத்துக்கல்லாட்டம் கீறாரு. நானூத்தி இருபத்தொண்ணு நான்!"

"நீங்களா? உங்க பேரு ஏகாம்பரமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், பதினோரு வருஷப் பழக்கத்தில் அந்த மனிதருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஊருக்கே அவர் அப்ஜெக்ஷன். கடைப் பலகையில்கூட ஜெராக்ஸ் என்றுதான் இருக்கும். எண்ணை மாற்றி எழுதியது அவர். பட்டியலில் இருந்த போட்டோவை ஒரு தடவை உற்றுப் பார்க்காதது நான். பார்த்தாலும் பயனில்லை. அதில் எல்லோர் முகமும் கருப்பாகத் தீற்றியிருக்கும். அது அவர் கடையில் எடுத்த காப்பி.

செய்தி மத்தியானத்துக்குள் கடற்கரை வரை போய்விட்டது. வீட்டில் அவர் மனைவி, "செத்தவனுக்குச் சோறு கெடையாது" என்று சொல்லிவிட்டார். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். கட்சிக்காரர்கள் வந்து சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "லிஸ்ட்ல பேரு இல்லாதவரு ஏஜென்டா உக்கார முடியாதுண்ணே. வேற ஆளப் பாத்துக்கறோம்." முப்பது வருஷமாக உட்கார்ந்த பெஞ்சு. மனிதர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்டு போனாக்கூட போவுது சார். அந்தப் பெஞ்ச்சு போச்சுன்னா நான் நெஜமாவே செத்துடுவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே ஃபாரம் ஆறு எடுத்துப் புது வாக்காளராகச் சேர்க்க எழுதினோம். அறுபதை நெருங்கும் மனிதர், பதினெட்டு வயசுப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவில் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் தொங்கினார். அங்கேதான் வம்பு. ஏழு நாள் அது தொங்க வேண்டும். அதற்குள் இந்தப் பெயரைச் சேர்க்கக் கூடாதென்று யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை கொடுக்கலாம். அதற்கும் அதே ஃபாரம் ஏழுதான்.

அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அவரிடம் அப்ஜெக்ஷன் வாங்காத வீடு அந்தத் தெருவில் கிடையாது. துடைப்பத்தோடு வந்த மாமியார் இருக்கிறார், கொழுந்தனார் இருக்கிறார், சொந்த மனைவியே இருக்கிறார். ஒருத்தர் எழுதிக் கொடுத்தால் போதும், விசாரணை என்று இழுத்து, வேட்புமனுத் தேதி தாண்டிவிடும்; அதற்குப் பிறகு பட்டியலில் புதுப்பெயர் ஏறாது. தினமும் காலையில் வந்து பலகைக்கு எதிரில் நின்று, யார் படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பார்க்கவே சகிக்கவில்லை.

மூன்றாம் நாள் தேசம்மா வந்தார். பலகையை எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, "சார், ஃபாரம் ஏழு குடு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்க்கூட்டணி, அப்ஜெக்ஷன் இல்லாவிட்டால் யாருக்கு லாபம் என்று சொல்லவா வேண்டும்? கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை. ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"எத்தினி கீது மொத்தம்?"

"ஒரு பன்னெண்டு இருக்கும்."

"அல்லாத்தையும் குடு."

வாங்கி, மடித்து, மீன் கூடைக்கு அடியில் சொருகி, மேலே கோணியைப் போட்டு மூடினார். எனக்கு வாய் திறந்தபடியே நின்றது.

"இன்னா சார் பாக்குற? ஃபாரம் இல்லாம எவன் எழுதிக் குடுப்பான்? ஜெராக்ஸ் எடுக்கணும்னாலும் அவரு கடைக்குத்தான் போவணும்."

"செல்போன்லகூடப் போடலாமே அம்மா."

"எவன் போடறான்னு நான் பாத்துக்கறேன். அவரு இல்லாத பெஞ்ச்சுல எனுக்கு இன்னா சார் வேல? நாள் பூரா தூங்கிகினு கெடக்கவா?" சொல்லிவிட்டு, "இது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா இதுக்கும் அப்ஜெக்சன் போடுவாரு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தேன்.

ஏழாம் நாள் சாயங்காலம் அவர் வந்தார்.

"சொல்லு சார். எத்தினி வந்துச்சு?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணாத்த."

நம்பவில்லை. என் மேஜை டிராயரைத் தானே திறந்து பார்த்தார். "ஒருத்தர்கூடவா? என் வூட்டுக்காரிகூடவா?" என்றார். பிறகு கோபம் வந்தது. "இன்னா ஜனங்க சார் இதுங்க! ஒரு பேரு புச்சா வந்தா விசாரிக்க வேணாம்? இப்டி அசால்டா இருந்தா…" வாக்கியம் முடியவில்லை. பலகைப் பக்கம் திரும்பி, தன் பெயரில் எழுத்துப்பிழை பார்ப்பதுபோல வெகுநேரம் நின்றார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

தேர்தலன்று காலை ஏழு மணிக்கு அவர் பெஞ்சில் இருந்தார். எட்டு மணிக்குள் நான்கு அப்ஜெக்ஷன். அதில் ஒன்று தேசம்மாவுக்கு. அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் அதிகாரி பயந்து எழுந்தே விட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அந்தச் சத்தம் தேனாகப் பாய்ந்தது.

எந்தக் கூட்டணி ஜெயித்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு நினைவிருப்பது அந்த ஏழாம் நாள்தான். அவர் மனுவின் அடியில் விசாரணை அறிக்கை எழுத இடம் விட்டிருந்தார்கள். "நேரில் பார்த்தேன், உயிருடன் இருக்கிறார்" என்று எழுதினேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் ஆயிரம் கையெழுத்துப் போட்டிருப்பேன். மனசார, சந்தோஷமாகப் போட்டது அந்த ஒன்றைத்தான்.